பாரிமுனையில் ஒரு நாள் கொள்முதல்: பட்டியல் எழுதுவதிலிருந்து மூட்டை வீடு சேரும்வரை

செங்கல்பட்டில் சின்னதாக ஒரு ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு தடவையாவது சரக்கெடுக்கச் சென்னை பாரிமுனைக்குப் போவேன். சொந்தக்காரர் வீட்டில் கல்யாணம் என்றால் ‘நீயும் கூட வாயேன்’ என்று அழைப்பு வந்துவிடும். அப்படிக் கூடப் போன நாட்களில்தான் புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தேன். விலை தெரியாமல் ஏமாறுகிறவர்கள் குறைவு. வரிசை தெரியாமல் நாளை வீணடிக்கிறவர்களே அதிகம். காலை 11 மணிக்கே பத்து கிலோ மளிகையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம் அழைப்பிதழ்க் கடையின் மூன்றாம் மாடிக்கு ஏறுவார்கள்.

கல்யாண வீட்டுக்காரர்களையும், புதிதாகக் கடை போடுகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

பாரிமுனையில் ஒரு பொருளுக்கு ஒரு தெரு. அதனால் கடைப் பெயரைக் குறித்துக்கொண்டு போவதைவிடத் தெருப் பெயரைக் குறித்துக்கொண்டு போவதே பயன். ஒரு கடையில் இல்லையென்றால் பக்கத்துக் கடையில் இருக்கும். ஒரே பொருளுக்கு நாலு விலை கேட்டுப் பார்க்கவும் முடியும்.

அழைப்பிதழ், காகிதம், அட்டை என்றால் அண்டர்சன் தெரு. நோட்டுப் புத்தகம், பேனா, அலுவலகச் சாமான்களுக்குப் பந்தர் தெரு. துணிக்குக் கோடவுன் தெரு. சேலை, சுடிதார் துணி மொத்தமாக வேண்டுமென்றால் யானைக்கவுனிப் பக்கம். பரிசுப் பொருள், பொம்மை, பிளாஸ்டிக், ஃபேன்சி வகைகளுக்குக் காசி செட்டி தெரு. மசாலா, முந்திரி, திராட்சைக்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. ரசாயனம், மருத்துவக் கருவிகளுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு. பூவுக்குப் பத்ரியன் தெரு. தங்கம், வெள்ளிக்கு என்.எஸ்.சி. போஸ் சாலை. இரும்பு, பைப், போல்ட் நட்டு எல்லாம் மண்ணடிப் பக்கம்.

ஒரு தாளை எடுத்து, தெருப் பெயரைத் தலைப்பாகப் போட்டு, அதன் கீழ் வாங்க வேண்டியதை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணிக்கை கட்டாயம் வேண்டும். ‘தாம்பூலப் பை’ என்று மட்டும் எழுதி வந்தால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. 250 என்று எழுதி வந்தால் அவர் அதற்கான கட்டை எடுத்து மேசைமேல் வைப்பார்.

எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் தேடி இங்கே வந்து அலைகிறவர்களையும் பார்க்கிறேன். அதற்குரிய ரிச்சி தெரு இங்கே இல்லை. அண்ணா சாலைப் பக்கம், சிந்தாதிரிப்பேட்டைக்கு அருகே இருக்கிறது.

2. பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்

பலகையில் ஒரு பெயர் இருக்கும், வழி சொல்கிறவர் வாயில் இன்னொரு பெயர் வரும். பிரகாசம் சாலையை எல்லோரும் பிராட்வே என்றுதான் சொல்வார்கள். தங்கசாலைத் தெருவும் மின்ட் தெருவும் ஒன்று. என்.எஸ்.சி. போஸ் சாலையின் ஒரு பகுதிக்குச் சைனா பஜார் என்று பெயர். ஆர்மேனியன் தெருவைத் தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்பார்கள். அங்கே அரண்மனை தேடாதீர்கள், ஆர்மேனியன் என்ற சொல்தான் நம் வாயில் அப்படித் திரிந்தது.

கதவு எண்ணிலும் இதே சிக்கல். சென்னையில் பழைய எண், புது எண் என்று இரண்டு உண்டு. யாராவது கடை முகவரி கொடுத்தால் ‘இது பழைய நம்பரா, புது நம்பரா?’ என்று அப்போதே கேட்டு எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே பத்துக் கட்டடம் தள்ளிப் போகலாம். பத்துக் கட்டடம் என்றால் இங்கே அறுபது கடை.

3. நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். மொத்த வியாபாரக் கடைகளில் பெரும்பாலானவை அன்றைக்கு விடுமுறை. நடைபாதைக் கடைகள் இருக்கும், கூட்டமும் இருக்கும், உங்களுக்கு வேண்டியது மட்டும் இருக்காது. செவ்வாய், புதன், வியாழன் எனக்கு ஒத்துவருகிறது.

அதிகாலையில் போய் இறங்குவதிலும் பலன் இல்லை. கடைகள் 10.30 வாக்கில்தான் திறக்கும். பெருக்கி, சாமி படத்துக்குப் பூப்போட்டு, ஊதுபத்தி ஏற்றி, 11 மணிக்குத்தான் வியாபாரம் சூடு பிடிக்கும். 10.45க்கு அங்கே இருந்தால் போதும். முதல் வியாபாரமான போணி நேரத்தில் வெறுமனே விலை கேட்டு இழுத்தடித்துவிட்டு வாங்காமல் கிளம்பினால் கடைக்காரருக்கு மனம் சுருங்கும். அந்த நேரத்தில் வாங்குவது உறுதி என்றிருக்கும் கடைக்குள் மட்டும் நுழையுங்கள்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். மே கடைசியிலும் ஜூனிலும் பள்ளி திறக்கிற நேரம், பந்தர் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் துணிப் பக்கம் அதே நிலைமை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும். காகிதமும் துணியும் வாங்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடப்பது பெரிய துன்பம். தை மாதக் கல்யாணம் என்றால் அழைப்பிதழ் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடச் சொல்லுவேன்.

4. கையில் இருக்க வேண்டியவை

மடித்து வைக்கக்கூடிய துணிப்பை நாலு. ஒரு அளவு நாடா. கெட்டி மார்க்கர் பேனா. வண்ணம் பொருத்த வேண்டியிருந்தால் துணியின் துண்டு. போனில் எடுத்த படத்தை நம்பாதீர்கள், திரையில் தெரிகிற அரக்கு நிறம் வேறு, கடை விளக்கில் தெரிகிற அரக்கு வேறு. கடை நடத்துகிறவர்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். பவர் பேங்க், தண்ணீர் பாட்டில் வேண்டும். தேய்ந்த செருப்போடு வராதீர்கள். ஈரக் கல்லும் இரும்புப் படிக்கட்டும் நிறைய.

இரண்டு பேர் போவது சரியான கணக்கு. ஒருவர் பொருளைப் பார்க்க, இன்னொருவர் பட்டியலையும் பையையும் பார்த்துக்கொள்ளலாம். ஆறு பேராகக் குடும்பத்தோடு போனால் ஒவ்வொரு தெரு முனையிலும் ஒருவரைத் தேட வேண்டிவரும். சின்னப் பிள்ளைகளை வீட்டில் விட்டு வாருங்கள். மூன்று சக்கரச் சுமை வண்டியான மீன்பாடி வண்டியும் தலைச்சுமையும் எதிரெதிரே வருகிற சந்தில் அவர்களைக் காப்பாற்றுவதே தனி வேலையாகிவிடும்.

கார் வேண்டவே வேண்டாம்.

5. எங்கே இறங்குவது

எந்தத் தெருவில் தொடங்கப் போகிறீர்கள் என்பதை வைத்து இறங்குமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அண்டர்சன், பந்தர், கோடவுன் தெருக்களுக்கு உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையம் வசதி. பிராட்வேயின் வடக்குப் பகுதிக்கும் இரும்புக் கடைகளுக்கும் மண்ணடி நிலையம். யானைக்கவுனி, தங்கசாலைப் பக்கம் தொடங்குவதானால் சென்ட்ரலில் இறங்கி நடக்கலாம். நான் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வந்து கடற்கரை நிலையத்தில் இறங்குவேன். எதிரே பர்மா பஜார், அங்கிருந்து நடை.

மெட்ரோவில் வருகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு வெளியே வாருங்கள். தெருக்களுக்குள் போனபிறகு நல்ல கழிப்பறை கிடைப்பது கடினம். என் அத்தை இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து மதியம் மயக்கம் போட்டார்கள். மதியம் ஒருமுறை மெட்ரோ நிலையத்துக்குத் திரும்பி வருவதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திசை பிடிபட ஒரு வழி சொல்கிறேன். என்.எஸ்.சி. போஸ் சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. கடைத் தெருக்கள் அதிலிருந்து வடக்கே கிளம்பி, ஒன்றுக்கொன்று இணையாகப் போகின்றன. பிராட்வேக்குக் கிழக்கே வங்கிகள், வக்கீல் அலுவலகங்கள், கப்பல் கம்பெனிகள் அதிகம். மேற்கே பஜார். வழி தவறிவிட்டால் தெற்கே நடங்கள், என்.எஸ்.சி. போஸ் சாலை வந்துவிடும். அங்கிருந்து மறுபடி எண்ணிக்கொள்ளலாம்.

6. முதல் ஒரு மணி நேரம் வாங்காதீர்கள்

போணி முடிந்து கடைகள் கலகலப்பான பிறகு, முக்கியமான பொருள் எதுவோ அந்தத் தெருவில் மூன்று கடை ஏறி இறங்குங்கள். விலை, குறைந்தபட்சம் எத்தனை எடுக்க வேண்டும், வரி சேர்த்தா தனியா, எத்தனை நாளில் கிடைக்கும் என்ற நாலையும் கேட்டு எழுதுங்கள். கடையின் அட்டையை வாங்கி அதன் பின்பக்கமே எழுதிவிட்டால் குழப்பம் வராது.

கேட்கிற விதத்தில் விஷயம் இருக்கிறது. ‘கடைசி ரேட் சொல்லுங்க’ என்று தொடங்கினால் சில்லறை வாடிக்கையாளர் என்று தெரிந்துவிடும். ‘அண்ணா, இது கட்டுக்கு எத்தனை? அஞ்சு கட்டு எடுத்தா என்ன விலை?’ என்று கேளுங்கள். மொத்தக் கடையில் விலை இறங்குவது பேச்சால் அல்ல, எண்ணிக்கையால். ஒரு கட்டுக்கு ஒரு விலை, பெட்டிக்கு வேறு விலை. பாதி விலைக்குக் கேட்டுப் பேரம் பேசுவதெல்லாம் நடைபாதையில் நடக்கும்; உள்ளே அப்படிக் கேட்டால் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள்.

அளவுச் சொற்களையும் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு டஜன் 12, ஒரு குரோஸ் 144, ஒரு ரீம் 500 தாள். ‘குரோஸ் ஆயிரம் ரூபாய்’ என்று சொன்னால் ஒன்று ஏழு ரூபாய்க்குள் வருகிறது என்று மனதில் ஓட வேண்டும். ‘ஹோல்சேல் மட்டும்’ என்று பலகை மாட்டிய கடையில் ஒன்றிரண்டு கேட்டு நிற்காதீர்கள். அதே தெருவில் சில்லறையாகக் கொடுக்கிற கடையும் இருக்கும்.

நடைபாதையில் கையைப் பிடித்து ‘வாங்க, நான் காட்டுறேன்’ என்று அழைத்துப் போகிறவரோடு போகாதீர்கள். அவருக்குப் போகிற கமிஷன் உங்கள் விலையில்தான் ஏறும்.

7. முதல் வேலை: நாள் பிடிக்கிற சாமான்

அச்சடிப்பது, பெயர் பொறிப்பது, தைப்பது என்று காத்திருந்து வாங்க வேண்டியதை முதலில் முடியுங்கள். ஆர்டர் கொடுத்துவிட்டால் கையில் சுமை ஒன்றும் இருக்காது. நீங்கள் மற்ற தெருக்களில் அலைகிற நேரத்தில் அவர்கள் வேலையைத் தொடங்கியிருப்பார்கள். சாயங்காலம் திரும்பி வந்து மாதிரியைப் பார்த்துவிடலாம்.

கல்யாண வீட்டுக்கு அது அழைப்பிதழ். பத்திரிகை எண்ணிக்கையை ஆள் கணக்கில் போடாதீர்கள், வீட்டுக் கணக்கில் போடுங்கள். அதற்குமேல் 25 சேர்த்து அடியுங்கள். பின்னால் 25 மட்டும் அடித்துத் தரச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து அச்சு ஏற்ற வேண்டும், ஒன்றின் விலை பல மடங்காகிவிடும். மாதிரி அட்டையில் சொல்கிற விலையில் உறை சேர்ந்ததா, அச்சுக் கூலி சேர்ந்ததா, தங்க நிற எழுத்துக்குத் தனியா என்று கேளுங்கள். இந்த மூன்றும் சேர்ந்தபின் வருகிற தொகையைத்தான் கடைக்குக் கடை ஒப்பிட வேண்டும்.

வாசகத்தைக் கைப்பட எழுதிக் கொடுப்பதைவிடத் தட்டச்சு செய்து அனுப்புவது நல்லது. ஆனால் அதோடு வேலை முடியவில்லை. அச்சுக்கூடங்கள் பல வேறு எழுத்துருவில் வேலை செய்கின்றன. உங்கள் போனிலிருந்து போகிற யூனிகோட் தமிழ், அவர்கள் எழுத்துருவுக்கு மாறும்போது கொம்பு இடம் மாறும். ‘கொ’, ‘ணை’, ‘ஸ்ரீ’ போன்ற எழுத்துகளைத் தனித்தனியாகப் பாருங்கள்.

தங்கை கல்யாணத்துக்கு நானே நின்று அடித்தேன். மானிட்டரில் பார்த்தேன், பெயர்கள் சரி, தேதி சரி, மண்டபம் சரி. சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்ததும் அப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, ‘ஏம்மா, அன்னிக்கு வெள்ளிக்கிழமையில்ல? வியாழக்கிழமைன்னு போட்டிருக்கே’ என்றார். 400 பத்திரிகையிலும் வியாழக்கிழமை. அப்புறம்தான் காரணம் புரிந்தது: வேலை சீக்கிரம் முடிய, முன்பு வந்தவருடைய பத்திரிகையைத் திறந்து அதன்மேலேயே நம்முடைய விவரத்தை அடிப்பார்கள். நாம் கவனமாகப் பார்க்கிற இடமெல்லாம் மாறியிருக்கும். கவனிக்காத இடத்தில் பழையவருடையது தங்கிவிடும். கிழமை, நல்ல நேரத்துக்கு முன்னால் வருகிற காலை, மாலை, மண்டபத்தின் ஊர், கீழே உள்ள போன் எண் இவைதான் அந்த இடங்கள்.

அதனால் திரையில் பார்த்துச் சம்மதிக்காதீர்கள். ஒரு தாளில் அடித்துத் தரச் சொல்லுங்கள். ஒருவர் வாய்விட்டு வாசிக்க, மற்றவர் காலண்டரையும் மூலத் தாளையும் வைத்துச் சரிபார்க்கட்டும். போன் எண்ணுக்கு அங்கேயே ஒரு அழைப்பு விடுங்கள். திருத்திய தாளில் கையெழுத்துப் போட்டு, அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. இரண்டாவது: துணி

துணியைப் பகல் வெளிச்சத்தில் வாங்க வேண்டும் என்பதால் இதை மதியத்துக்குள் முடிக்கிறோம். கோடவுன் தெருக் கடைகளுக்குள் வெயில் வராது. பிடித்த துணியின் ஓரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பாருங்கள். கடைக்காரர்கள் தடுக்க மாட்டார்கள்.

மீட்டர் விலையைக் கேட்கும்முன் அகலத்தைக் கேளுங்கள். கடையில் அதைப் பன்னா என்பார்கள். 36 அங்குலம், 44 அங்குலம், 58 அங்குலம் என்று வரும். 36 அங்குலத் துணி மீட்டர் 20 ரூபாய் மலிவாகத் தெரியும், ஆனால் சட்டைக்கு அதிக மீட்டர் பிடிக்கும். மொத்தத்தில் அதுவே விலை கூடுதல். தையல்காரரிடம் ‘44 பன்னாவில் எத்தனை, 58 பன்னாவில் எத்தனை’ என்று இரண்டையும் முன்பே கேட்டு எழுதி வாருங்கள்.

சொந்தங்களுக்கு வைத்துக் கொடுக்கிற ரவிக்கைத் துணி கட்டாகக் கட்டி வரும். மேலே இருக்கிற ஒன்றின் நீளத்தை நாடாவால் அளந்து பாருங்கள். 80 சென்டிமீட்டர் என்று நினைத்து வாங்கி, வீட்டில் அளந்தால் 70 இருப்பது உண்டு. நடுவிலிருந்தும் ஒன்றை உருவிப் பாருங்கள், ஏனென்றால் பார்வைக்கு நல்ல நிறங்களை மேலே வைத்துத்தான் கட்டுவார்கள்.

பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும். சீருடை தைக்க எடுக்கிறவர்கள் கணக்குக்குமேல் கொஞ்சம் கூட்டி எடுங்கள். அதே சாயம் அடுத்த மாதம் வந்தால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

9. மூன்றாவது: எண்ணி வாங்குகிற சாமான்

பரிசுப் பொருள், தாம்பூலப் பை, பிளாஸ்டிக் டப்பா, நோட்டு எல்லாம் இந்த நேரத்தில். இதில் சொல்ல அதிகமில்லை; ஒன்றே ஒன்றைச் செய்யுங்கள், எண்ணுங்கள். கட்டின்மேல் 25 என்று எழுதியிருந்தாலும் இரண்டு கட்டைப் பிரித்து எண்ணுங்கள். நான் ஒருமுறை 12 கட்டை அப்படியே நம்பித் தூக்கி வந்தேன். ஒரு கட்டில் 22 இருந்தது. கடையிலேயே சொன்னால் மூன்றை எடுத்துப் போட்டிருப்பார்கள். ஊருக்குப் போய்ப் போன் செய்தால் யார் பேச்சை யார் நம்புவது?

மூடி உள்ள டப்பா என்றால் நாலைந்தை மூடித் திறந்து பாருங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் வைத்துத் தரம் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. 304 தரத்திலும் காந்தம் ஒட்டாது, விலை குறைந்த 202 தரத்திலும் ஒட்டாது. அதனால் அந்தச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. தரத்தைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குவதே வழி.

பர்மா பஜாரில் போனுக்கான சின்னச் சாமான்கள் வாங்கலாம். விலை உயர்ந்த கருவியை பில்லும் உத்தரவாதமும் இல்லாமல் வாங்காதீர்கள்.

10. நான்காவது: மளிகை, முந்திரி, ஏலம்

கனமானது, வாசனை மற்ற பொருளில் ஏறக்கூடியது. ஆகையால் கடைசிக்குத் தள்ளுகிறோம். மிளகாய், மல்லி வாங்கிய பையில் பட்டுத் துணியை வைத்த வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

முந்திரியை ‘நல்லது குடுங்க’ என்று கேட்காதீர்கள், எண் சொல்லிக் கேளுங்கள். 180, 240, 320 என்று தரம் உண்டு. ஒரு பவுண்டு எடையில், அதாவது ஏறக்குறைய 454 கிராமில், எத்தனை முழுப் பருப்பு இருக்கிறது என்பதுதான் அந்த எண். 240 என்றால் 220 முதல் 240 வரை. 320 என்றால் 300 முதல் 320 வரை. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் பெரிது. தட்டில் வைத்துக் கொடுக்க 240 அழகாக இருக்கும். பந்திப் பாயசத்துக்கும் கேசரிக்கும் முழுப் பருப்பு தேவையே இல்லை. சமையல்காரர் அதை உடைத்துத்தான் போடுவார். அரைப் பருப்பே வாங்குங்கள்.

வாங்கும்முன் ஒன்றை வாயில் போட்டு மெல்லுங்கள். மொறுமொறுவென்று உடைந்து பால் இனிப்பு வர வேண்டும். எண்ணெய்ச் சிக்கு வாடை நாக்கில் பட்டால் பழைய சரக்கு. ஏலக்காயை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே விதை கறுப்பாக, விரலில் ஒட்டுகிற பிசுபிசுப்போடு இருந்தால் எடுக்கலாம். பழுப்பாக, உலர்ந்து உதிர்ந்தால் வெளித்தோல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இப்படிப் பார்ப்பதற்கு எந்தக் கடைக்காரரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பார்க்காமல் வாங்குகிறவரைத்தான் அவர்கள் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள்.

எடை போடும்போது தராசின் எண் சுழியத்தில் தொடங்குகிறதா என்று ஒரு பார்வை. கிலோ கணக்கில் வாங்கும்போது டின் எடை கழித்துச் சொல்கிறார்களா என்றும் கேளுங்கள்.

11. தங்கமும் வெள்ளியும் வேறொரு நாளில்

நகையையும் இதே நாளில் முடித்துவிடலாம் என்று நினைப்பது புதியவர்கள் செய்கிற பெரிய தவறு. ஆறு பையோடு கூட்டத்தில் நடக்கும்போது கழுத்திலோ பையிலோ பவுன் இருக்கக் கூடாது. தனி நாள் வைத்து, நேரே போய், வாங்கி, நேரே வீட்டுக்கு வாருங்கள். ஹால்மார்க் முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி நகையில் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதை அடித்துக் கடையிலேயே சரிபார்க்கலாம். கூலி, சேதாரம் இரண்டையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

12. பணமும் பில்லும்

யுபிஐ எல்லா இடத்திலும் ஓடுகிறது. ஆனால் நாள் வரம்பு இருப்பதை மறந்து மூன்று மணிக்கு மேல் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய தொகை எந்தக் கடையில் வரும் என்று முன்பே கணித்து, அதை வங்கி வழியாகவோ இன்னொருவர் போனிலிருந்தோ செலுத்துங்கள். ரொக்கத்தை இரண்டு பேரிடமும் பிரித்து வையுங்கள். 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ஒரே வியாபாரத்தில் ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

துண்டுத் தாளில் கூட்டிக் கொடுக்கிற கணக்கு பில் ஆகாது. மாற்றுவதற்கும் கேட்பதற்கும் கடைப் பெயர் அச்சிட்ட பில் வேண்டும். கடை நடத்துகிறவர்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பில் போடும்முன் சொல்லிவிடுங்கள். போட்டபின் சேர்க்கச் சொன்னால் அரை மணி நேரம் போகும். சரக்கு மதிப்பு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாயைத் தாண்டினாலோ, வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினாலோ சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் தேவை. அதைக் கடையிலேயே எடுத்துத் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

13. மூட்டையை வீட்டுக்கு அனுப்புவது

இதைத்தான் எல்லோரும் கடைசி நிமிடத்தில் யோசிக்கிறார்கள். மெட்ரோவில் பெரிய மூட்டையை ஏற்ற விடமாட்டார்கள். ஆட்டோ தெருவுக்குள் வர மறுக்கும். ஒவ்வொரு கடையிலும் பணம் கட்டியதும் ‘சாயங்காலம் 5 மணிக்கு வந்து எடுத்துக்கிறேன், கட்டி வைங்க’ என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பெயரைக் கட்டின்மேல் நீங்களே எழுதுங்கள்.

சாயங்காலம் ஒரு மீன்பாடி வண்டியைப் பேசி, எந்தெந்தத் தெருவில் நிற்க வேண்டும், எத்தனை கட்டு என்று முதலிலேயே சொல்லிக் கூலி பேசுங்கள். ஏற்றியபின் பேசினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். வண்டியோடு நீங்களும் நடங்கள்.

வெளியூருக்கு என்றால் வால்டாக்ஸ் சாலைப் பக்கம் லாரி பார்சல் அலுவலகங்கள் வரிசையாக இருக்கின்றன. ஏழு மணிக்குப் போய் நின்றால் அன்றைய வண்டி கிளம்பியிருக்கும், ஐந்தரைக்குள் போய்விடுங்கள். கோணிக்குள் பிளாஸ்டிக் தாள் சுற்றி, கோணி ஊசியால் வாயைத் தைத்துத்தான் கொடுக்க வேண்டும். பெயர், ஊர், போன் எண்ணை இரண்டு பக்கமும் மார்க்கரால் எழுதுங்கள். மூன்று மூட்டை என்றால் 1/3, 2/3, 3/3 என்று போடுங்கள். ஒரு மூட்டை பின்தங்கினால் எது வரவில்லை என்று உடனே தெரிய இதுதான் வழி. எங்கள் கடைக்கு வருகிற மூட்டைகளில் நான் பச்சை மையால் ஒரு பெரிய வட்டம் போடுவேன். நூறு சாம்பல் நிறக் கோணிக்கு நடுவே தூரத்திலிருந்தே தெரியும். வாடகையை இங்கேயே கட்டுகிறீர்களா, அங்கே எடுக்கும்போது கட்டுகிற ‘டூ பே’யா என்று சொல்லி ரசீது வாங்குங்கள். அந்த ரசீதைப் படம் எடுத்து, ஊரில் எடுக்கப் போகிறவருக்கு அனுப்பிவிடுங்கள்.

14. சாப்பாடு

மதியம் வயிறு நிறைய உண்டால் மூன்று மணிக்குமேல் கால் நகராது. ஒரு மணி வாக்கில் லேசாகச் சாப்பிட்டுவிட்டு, நல்ல சாப்பாட்டைச் சாயங்காலத்துக்கு வையுங்கள். மூட்டை கிளம்பியபின் சௌகார்பேட்டைக்கு நடக்கலாம். என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையில் நெய் மணக்கும் பொடி இட்லி சாயங்காலத்துக்குமேல் கிடைக்கும். தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபியும் பாதாம் பாலும். கடற்கரை நிலையம் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு பர்மா பஜார் பக்கம் பர்மிய நூடுல்ஸ் வகையான அத்தோ விற்கிற வண்டிகள் இருக்கின்றன. முறுக்கு சாண்ட்விச்சை ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். தட்டை முறுக்குகளுக்கு நடுவே வெள்ளரியும் தக்காளியும் சட்னியும் வைத்துக் கொடுப்பார்கள். வாங்கியவுடன் சாப்பிட்டால்தான் மொறுமொறுப்பு இருக்கும்.

15. அன்றிரவே பிரித்துப் பாருங்கள்

அலுப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் கையோடு கொண்டுவந்த கட்டுகளை அன்றிரவே பிரித்து, பில்லை வைத்து எண்ணுங்கள். லாரியில் வருகிற மூட்டையை இறக்கிய அன்றே. உடைசலையும் குறைச்சலையும் மறுநாள் காலை 11 மணிக்கே படத்தோடு கடைக்கு அனுப்பினால் பெரும்பாலும் மாற்றித் தருகிறார்கள். பத்து நாள் கழித்துச் சொன்னால் அந்த வகைச் சரக்கே கடையில் தீர்ந்திருக்கும். பில்களை ஒரு உறையில் போட்டு, மேலே தெருப் பெயரும் கடைப் பெயரும் எழுதி வையுங்கள். அடுத்த தடவை பட்டியல் போடும்போது அந்த உறையைத்தான் முதலில் எடுப்பீர்கள்.